நூற்றுக்கு நூறு வாங்கிய நிறுவனம்

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைக் கம்பெனிகளுக்குச் சொல்லித்தருவது இன்று பெரிய தொழில். எந்தச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகலாம், எதற்கு லைசென்ஸ் வேண்டும், எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வந்தால் நிதானிக்க வேண்டும் என்று வகுப்பெடுக்க வக்கீல்கள் வருகிறார்கள், ஆலோசகர்கள் வருகிறார்கள். கணினியிலேயே பார்த்துப் பரீட்சை எழுதி முடிக்கும் பாடங்களும் உண்டு. சொல்லித்தருபவர்கள் எல்லோருக்கும் மாணவர்கள்மீது ஒரே மனக்குறைதான்: யாரும் ஊன்றிப் படிப்பதில்லை, சர்ட்டிபிகேட்டுக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் குறையைச் சொல்லவே முடியாத ஒரு மாணவரைப் பாராட்டி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் இருக்கும் இசட்டிஇ என்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம்தான் அந்த மாணவர். அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தை இவர்கள் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

அந்தச் சட்டம் லேசுப்பட்டதல்ல. சரக்கு அமெரிக்க எல்லையைத் தாண்டிய பிறகும் சட்டம் அதன் பின்னாலேயே போகும். அமெரிக்கச் சிப்பை வாங்கிச் சீனாவில் ஒரு பெட்டிக்குள் பொருத்தி அந்தப் பெட்டியை ஈரானுக்கு அனுப்பினாலும் கேள்வி வரும். பெட்டியின் மதிப்பில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அமெரிக்கப் பாகங்களின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் ஈரான் போன்ற நாடுகளுக்கு லைசென்ஸ் தேவை. மற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரம்பு 25 சதவீதம். எந்தப் பாகம் எந்த எண்ணின் கீழ் வருகிறது, யாருக்குப் போகிறது, அவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகளிலேயே இதற்கென்று தனி ஆள் போட்டிருப்பார்கள்.

இசட்டிஇ இதையெல்லாம் 2011-லேயே தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை தயாரானது. ‘மிக ரகசியம்’ என்று முத்திரை. ஈரான், சூடான், வட கொரியா, சிரியா, கியூபா என்று ஐந்து நாடுகளையும் பெயர் சொல்லி, இந்த ஐந்திலும் நமக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது, எல்லா வேலையும் ஏதோ ஓர் அளவில் அமெரிக்கச் சரக்கை நம்பித்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் எழுதியிருந்தார்கள். மேலிடத்தில் இருந்தவர்கள் படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார்கள். ஒரு நிறுவனம் தன் ஆபத்தைத் தானே மதிப்பிட வேண்டும் என்பது பயிற்சி வகுப்பில் தவறாமல் வரும் பாடம். ஒளிவுமறைவு இல்லாத இப்படி ஒரு மதிப்பீட்டை எந்த ஆலோசகரும் எழுதிக்கொடுத்திருக்க மாட்டார்.

இதனுடன் இன்னொரு ஆவணமும் உண்டு. ஈரான் வேலையை உதாரணமாக எடுத்துக்கொண்டு, நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே வேறொரு கம்பெனியை நிறுத்துவது எப்படி, அந்தக் கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்த வழிக்கு என்ன சாதகம், என்ன பாதகம் என்று அம்புக்குறி போட்ட படங்களோடு விளக்கும் ஆவணம் அது. எஃப்7 என்று குறியீட்டுப் பெயர் சூட்டப்பட்ட போட்டி நிறுவனம் ஒன்று இதே காரியத்தை எப்படிச் செய்கிறது என்ற குறிப்பும் அதில் இருந்தது. முன்னால் போனவர்களிடம் கற்றுக்கொள்ளும் அடக்கம் எத்தனை பேருக்கு இருக்கும்?

அமெரிக்க வணிகத் துறை ஏற்றுமதியாளர்களுக்கு எச்சரிக்கை அடையாளங்களின் பட்டியல் ஒன்றைத் தந்திருக்கிறது. சின்ன பேக்கரிக்காரர் அதிநவீனக் கணினிகளுக்கு ஆர்டர் கொடுத்தால் யோசியுங்கள். எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குபவரைக் கவனியுங்கள். விலையுயர்ந்த கருவியை ரொக்கம் கொடுத்து வாங்க வருபவர், வந்து பொருத்தித்தர வேண்டாம் என்பவர், சரக்கு கடைசியாகப் போய்ச்சேரும் முகவரி என்று ஷிப்பிங் ஏஜென்டின் முகவரியைத் தருபவர், இவர்களையெல்லாம் விசாரியுங்கள். இத்தனைக்கும் மேல் ஒன்று: கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், கெட்ட செய்தி காதில் விழாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்ளாதீர்கள்.

இசட்டிஇ ஒருநாளும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் யார் என்பதில் அதற்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. 2010 டிசம்பரில் 9 கோடியே 86 லட்சம் யூரோவுக்கு அது ஒப்பந்தம் போட்டது ஈரான் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு. அந்த நாட்டின் தொலைபேசியும் இணையமும் பெரும்பாலும் போய்வந்தது அந்த நிறுவனத்தின் கம்பிகள் வழியாகத்தான். கொடுத்த சரக்கில் தரைவழித் தொலைபேசி, செல்பேசி, இணையம் மூன்றையும் ஒட்டுக்கேட்கக்கூடிய கண்காணிப்பு அமைப்பும் இருந்ததை ராய்ட்டர்ஸ் 2012 மார்ச்சில் வெளியிட்டது. 2009 தேர்தல் முடிவை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் அடிபட்டு, கைதாகி, காணாமல்போய் இரண்டு வருஷம்கூட ஆகாத தேசம் அது. அங்கே ஒரு பெண் தன் தம்பியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தோழிக்குப் போன் பண்ணினால் அந்தப் பேச்சை இன்னொருவர் கேட்கலாம். சரக்கு எதற்குப் பயன்படப்போகிறது என்று விற்பவர் அறிந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த விற்பனையாளர் அறிந்திருந்தார்.

என் பாராட்டில் பெரும்பங்கு பேக்கிங் லிஸ்ட் போட்டவருக்குத்தான் போக வேண்டும். ராய்ட்டர்ஸ் கையில் கிடைத்த பட்டியல் 2011 ஜூலை தேதியிட்டது, 907 பக்கம். மைக்ரோசாஃப்ட், ஹியூலட் பேக்கார்ட், ஆரக்கிள், சிஸ்கோ, டெல், ஜூனிப்பர் என்று எந்த அமெரிக்கக் கம்பெனியின் எந்தச் சரக்கு உள்ளே இருக்கிறது என்று வரிவரியாக எழுதியிருந்தது. பின்னால் அமெரிக்க நீதித் துறை சொன்னதைப் படித்தபோது அந்த வேலையின் நேர்த்தி இன்னும் விளங்கியது. அமெரிக்கச் சரக்கை இசட்டிஇ தன் சொந்தக் கருவிகளோடு சேர்த்துக் கட்டும். கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் படிவத்தில் அமெரிக்கச் சரக்கைப் பற்றி ஒரு வரி இருக்காது. பெட்டிக்குள் வைக்கும் பட்டியலில் மட்டும் எல்லாம் இருக்கும். பெட்டியைப் பிரித்துப் பொருத்தப்போகும் எஞ்சினியருக்கு உண்மை தெரிய வேண்டும், வெளியே நிற்கும் அதிகாரிக்குத் தெரியக் கூடாது. எந்தக் காகிதத்தில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குச் சட்டம் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாகப் படித்தவர் இரண்டு காகிதத்திலும் ஒன்றையே எழுதிவைத்து மாட்டிக்கொண்டிருப்பார்.

இந்தப் பாடத்தில் இவர்களுக்கு மூத்தவர்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம் சோவியத் யூனியனுக்கு நீர்மூழ்கிக் கப்பலின் உந்துவிசிறியைக் கடைந்தெடுக்கும் ராட்சச இயந்திரங்களை விற்றது. அவை ஒன்பது அச்சில் இயங்குபவை. ஏற்றுமதி விண்ணப்பத்திலோ இரண்டு அச்சு இயந்திரம் என்று போட்டார்கள். இரண்டு அச்சு என்றால் அனுமதி கிடைக்கும், ஒன்பது என்றால் கிடைக்காது என்று தெரிந்த கைதான் அந்த எண்ணை எழுதியது. நடுவே நின்ற வர்த்தக நிறுவனத்தில் ஊழியராக இருந்த ஒருவர் 1985 கடைசியில், கம்யூனிஸ்ட் நாடுகளுக்கான ஏற்றுமதியைக் கண்காணித்த, பாரிஸில் இருந்த கோகாம் அமைப்புக்குக் கடிதம் போட்டிருக்காவிட்டால் அந்தக் கையெழுத்தின் அழகு உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். 1987-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். ஜப்பானியக் கம்பெனிகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கென்று உள்விதிகளும் பயிற்சிகளும் வைத்துக்கொண்டது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

ஷென்ஜெனுக்கே திரும்புவோம். ராய்ட்டர்ஸ் செய்தி வந்ததும் ஈரானில் புதிய வியாபாரத்தைக் குறைத்துக்கொள்வதாக இசட்டிஇ அறிவித்தது. 2013 நவம்பரில் மேலதிகாரிகள் கூடிப் பேசி, புதிதாக ஒரு கம்பெனியை நடுவில் வைத்து மறுபடி அனுப்ப முடிவெடுத்தார்கள். அமெரிக்க அரசு விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. விசாரணைக்குப் பதில் சொல்ல இவர்களே அமர்த்திய வக்கீல்கள், கணக்குகளைத் தோண்டிப் பார்க்க இவர்களே அமர்த்திய தணிக்கையாளர்கள் என்று யாருக்கும் இது தெரியாது. கட்சிக்காரர் சொன்னதை நம்பி அந்த வக்கீல்கள் அரசாங்கத்திடம் போய் எல்லாம் நின்றுவிட்டது என்றார்கள். தங்களை அறியாமல் பொய் சொன்னார்கள். கூலி கொடுத்து வைத்த வக்கீலுக்கே தெரியாமல் காதும் காதும் வைத்தாற்போல் காரியம் நடத்த எத்தனை கட்டுப்பாடு வேண்டும்!

அந்தக் கட்டுப்பாட்டை உண்டாக்கிய விதத்தை ஏற்றுமதிப் பயிற்சியாளர்கள் அவசியம் படிக்க வேண்டும். தணிக்கையாளர்கள் பார்க்கப்போகும் கணக்குகளிலிருந்து ஈரான் வியாபாரத்தைத் துடைத்தெடுக்க 13 பேர் கொண்ட குழு ஒன்றை நிறுவனம் அமைத்தது. 13 பேரிடமும் தனித்தனியே கையெழுத்து வாங்கினார்கள். விஷயம் வெளியே போனால் 10 லட்சம் யுவான் அபராதம். அன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம் டாலர். சாதாரணச் சம்பளக்காரருடைய குடும்பத்தையே முடித்துவிடும் தொகை. அந்தப் பதின்மூவரின் மின்னஞ்சல்கள் தினமும் ராத்திரி தானாக அழிந்துபோகவும் ஏற்பாடு செய்தார்கள். யார் பொறுப்பு என்று பெயர் குறித்தாகிவிட்டது. என்ன செய்யக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லியாகிவிட்டது. மீறினால் வலிக்கிற தண்டனையும் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. இதற்குப் பவர்பாயின்ட் தேவைப்படவில்லை, ஆண்டுக்கொருமுறை நினைவூட்டல் வகுப்பும் தேவைப்படவில்லை.

இத்தனையும் எப்படி வெளியே வந்தது? டெக்சாஸில் இருந்த அமெரிக்கக் கிளையின் தலைமை வக்கீல், தனக்குத் தெரியவந்ததை 2012-ல் எஃப்பிஐ-யிடம் போய்ச் சொன்னார். அதை வைத்து எஃப்பிஐ தயாரித்த பிரமாணப் பத்திரம் கசிந்து, அவர் பெயர் ஊர் அறிய வெளியானது. அவர்தான் ஒரு நிறுவனத்தில் சட்டம் தெரிந்தவர் செய்ய வேண்டியதைச் செய்தவர். இந்தப் பத்தியில் நான் பாராட்டுவது அவரை மட்டும்.

2016 மார்ச்சில் அமெரிக்க வணிகத் துறை அந்த இரண்டு ரகசிய ஆவணங்களையும் தன் தளத்திலேயே போட்டது. 2017 மார்ச்சில் இசட்டிஇ குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் டாலர் மதிப்புள்ள அமெரிக்கச் சரக்கை ஆறு ஆண்டுகளில் ஈரானுக்கு அனுப்பியதும், வட கொரியாவுக்கு 283 முறை சரக்கு அனுப்பியதும் அதில் அடக்கம். அபராதம் 119 கோடி டாலர். அதில் 30 கோடி, இனி ஒழுங்காக நடந்தால் கட்ட வேண்டியதில்லை என்று நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனம் வாக்குறுதிகள் கொடுத்தது. பயிற்சி நடத்துவோம், தணிக்கைக்கு இடம் கொடுப்போம், தவறு செய்தவர்கள்மீது நடவடிக்கை எடுப்போம். மேல்மட்டத்தில் நான்கு பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள். மற்ற 35 பேருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தோம், கொடுப்போம், போனஸைக் குறைத்தோம், குறைப்போம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

2018 பிப்ரவரியில் அந்த அரசாங்கம், சரி, கடிதங்களைக் காட்டுங்கள் என்றது. கடிதம் ஒன்றும் இல்லை. கேட்ட பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் கடிதங்கள் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ எல்லோருக்கும் போனஸ் போய்ச் சேர்ந்திருந்தது.

ஊழியர் ஒருவர் ஒரு விதியை மீறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது இந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். பதின்மூவரிடம் அதைச் செய்து காட்டியது. ரகசியத்தைச் சொன்னவருக்கு 10 லட்சம் யுவான் அபராதம் என்று தயாராக வைத்திருந்த இடத்தில், சட்டத்தை மீறியவருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடத் தயாராகவில்லை. எந்த விதி நிஜம், எந்த விதி வெறும் பேச்சு என்பதை ஊழியர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லித்தர முடியாது. அந்த 35 பேரும் அந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களும்தான்.

ஏப்ரலில் தடை வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு அமெரிக்கச் சரக்கு எதுவும் கிடையாது. மே மாதம் 9-ஆம் தேதி, முக்கியமான வேலைகள் எல்லாம் நின்றுவிட்டன என்று இசட்டிஇ அறிவித்தது. சுமார் 75,000 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம். ஷென்ஜென் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் விடுதியில் சும்மா கிடந்தார்கள் என்றும், ஓரிரு நாளுக்கு ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தார்கள் என்றும் அப்போது பத்திரிகைகளில் வந்தது. 2011 அறிக்கையில் அவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எஃப்7 யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் கடைசியில் பயிற்சி அவர்களைத் தேடித்தான் வந்தது, வேலைக்கு என்ன ஆகுமோ என்று இருந்தவர்களும் அவர்கள்தான். படிப்பு கடைக்கோடி மனிதர்வரை போய்ச்சேர வேண்டும் என்பதில் நிறுவனம் குறை வைக்கவில்லை.

அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் இளகிய மனதையும் இங்கே சொல்ல வேண்டும். தடை வந்து நாலு வாரத்தில், மே 13 அன்று, சீனாவில் எத்தனையோ பேருக்கு வேலை போகிறதே என்று ட்விட்டரில் வருந்தினார். இசட்டிஇ சீக்கிரம் மீண்டுவர வழி செய்யும்படி வணிகத் துறைக்குச் சொல்லியிருப்பதாகவும் எழுதினார். சீனாவோடு அவர் வியாபாரப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த வாரங்கள் அவை. ஜூனில் புதிய உடன்பாடு: 100 கோடி டாலர் அபராதம், பிணையாக இன்னொரு 40 கோடி, இயக்குநர் குழு முழுவதும் மாற வேண்டும், அமெரிக்காவுக்குப் பதில் சொல்லும் கண்காணிப்பாளர்கள் பத்து ஆண்டுக்கு நிறுவனத்துக்குள்ளேயே இருப்பார்கள். ஜூலையில் தடை நீங்கியது. நாட்டுப் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டுக்கு விலைப்பட்டியல் உண்டு என்று உலகத்தின் எல்லா ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் அன்று ஒரே நாளில் பாடம் நடந்தது. இத்தனை பெரிய வகுப்பை எந்தப் பயிற்சி நிறுவனமும் நடத்தியதில்லை.

பாடம் வீண்போகவில்லை. ஹார்ட் டிஸ்க் நிறுவனமான சீகேட் 2020-லேயே அதைப் பயன்படுத்திக்கொண்டது. சீனாவின் ஹுவாவே நிறுவனத்துக்குப் போகும் சரக்கு தொடர்பான விதியை அமெரிக்கா அந்த ஆகஸ்டில் இறுக்கியது. போட்டிக் கம்பெனிகள் இரண்டும் அனுப்புவதை நிறுத்தின. சீகேட் விதியைத் தானே படித்து, தன் டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது என்று முடிவுக்கு வந்தது. ஓராண்டுக்கு மேல் 74 லட்சம் டிஸ்க்குகள், 110 கோடி டாலருக்கு விற்றது. மற்ற இருவர் விட்டுப்போன இடமும் அதற்கே கிடைத்தது. 2021 மார்ச்சில் மூன்றாண்டு ஒப்பந்தமும் போட்டது. 2023-ல் 30 கோடி டாலர் அபராதம் வந்தது. காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி வீதம் ஐந்து ஆண்டில் கட்டலாம் என்று தவணையும் கொடுத்தார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று விளங்கும்.

இந்தியாவிலும் இந்த வகுப்புகள் நடக்கின்றன. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுள்ள சரக்குகளுக்கென்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வைத்திருக்கும் ஸ்கோமெட் பட்டியலில் ரசாயன ஆலைக்கான சில வகைப் பம்புகள், வால்வுகள், துல்லியமான இயந்திரங்கள், மென்பொருள் எல்லாம் வருகின்றன. பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. கோயம்புத்தூரில் வால்வு செய்பவருக்கும், பெங்களூருவில் மென்பொருள் விற்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டியதுதான். தெரியாமல் அனுப்பிவிட்டு மாட்டிக்கொள்ளும் சின்ன முதலாளிகள் உண்டு, அவர்களுக்கு வகுப்பு உதவும்.

பெரிய கம்பெனிகளுக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இசட்டிஇ-யின் 2011 ஆவணத்தை முதல் பாடமாக வையுங்கள். அதைப் படிக்கும்போது ஏற்றுமதிப் பிரிவுக் கிளார்க்குகளையும் கிடங்கு மேற்பார்வையாளர்களையும் அவரவர் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் வகித்த பதவிகளில் இங்கே யார் யார் இருக்கிறார்களோ அவர்களை மட்டும் உட்காரவையுங்கள். லைசென்ஸ் எண்ணையோ சதவீத வரம்பையோ அவர்களிடம் கேட்க வேண்டாம். லாரியில் ஏறிவிட்ட சரக்கை இறக்கச் சொல்லும் அதிகாரம் உங்கள் கம்பெனியில் யாருக்கு இருக்கிறது, அவர் கடைசியாக எப்போது அப்படி இறக்கினார், இறக்கிய பிறகு அவருக்குப் போனஸ் வந்ததா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அந்தக் கம்பெனியின் பயிற்சிப் பதிவேட்டில் முதல் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, அவர்களிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள்.